ஒரு கையில் இரண்டு காப்பு

எனக்கு எங்கேயும் நோகவில்லை. கால் வீங்கவில்லை, மூச்சு முட்டவில்லை, சாப்பாடும் இறங்கியது. போன வருசம் ஆவணி மாதம், எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் இரத்தமும் சிறுநீரும் சும்மா பார்க்கிறார்கள் என்றார்கள். கடைக்குப் போன வழியில் நானும் வரிசையில் நின்றேன். கொஞ்ச நாளில் பெரியாஸ்பத்திரிக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்று அங்கே சொன்னார்கள்.

“ஆரம்பத்திலேயே பிடிச்சிட்டம் அம்மா. நீங்கள் அதிர்ஷ்டசாலி” என்றார் அந்த டொக்டர் பிள்ளை. சின்ன வயது, அமைதியான முகம். அதிர்ஷ்டம் என்றால் லொத்தர் விழுவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

முருகனை நம்பியிருக்கிற சகோதரங்களே, நான் நெளுக்குளத்துக்கு அப்பால் ஒரு குளத்தடியில் வயல் செய்கிறவள். பெயர் சாந்தி. எழுதிப் பழக்கமில்லை. களைக்கிற நேரம் நிறுத்தி, பிறகு தொடர்ந்து எழுதியது இது. முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய உதவியைச் சொல்லாமல் வைத்திருப்பது சரியில்லை என்று மனம் அரிக்கிறது, அதனால் சொல்கிறேன்.

நோ இல்லாத நோய் மனிதரை எப்படி வாட்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும். நோ இருந்தால் அது கூடுகிறதா குறைகிறதா என்றாவது தெரியும். இதற்கு ஒரு கடதாசி மட்டும்தான். கிரியேற்றினின் என்று அதில் ஒரு சொல், பக்கத்தில் ஓர் இலக்கம். முதலில் ஒன்று தசம் நாலு. அடுத்த முறை ஒன்று தசம் ஐந்து. இடையில் இருக்கிற நாட்கள் முழுக்க அந்த ஒரு தசம் என் தலைக்குள் சுற்றும். காலையில் எழும்பியதும் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன், குழி விழுகிறதா என்று. விழாது. என்றாலும் மத்தியானம் திரும்ப அழுத்துவேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தவர். போகும்போது மகனின் மோட்டார்சைக்கிளில் நிமிர்ந்து இருந்து போவார். வரும்போது ஓட்டோவுக்குள் சரிந்து கிடப்பார். பிறகு ஒரு நாள் அவரைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். அந்த வீட்டைக் கடந்து போவதற்குப் பயந்து, கடைக்கு நான் வயல் பக்கத்தால் சுற்றிப் போகத் தொடங்கினேன்.

வீட்டிலும் எல்லாம் மாறியது. கருவாடு நின்றது. உப்பைக் குறைத்தேன். களை பிடுங்கி இடுப்பு நொந்தால் வாயில் போடுகிற குளிசையை டொக்டர் அடியோடு மறித்துவிட்டார். “உனக்கு இல்லாத உப்பு எனக்கும் வேண்டாம்” என்று இவர், என் வீட்டுக்காரர், முதல் நாள் வீரம் பேசினார். மூன்றாம் நாள் குசினிக்குப் பின்னால் நின்று ஊறுகாய் நக்கினதை நான் கண்டேன். காணாத மாதிரி வந்துவிட்டேன். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற மகள் மட்டும் ஒன்றும் பேசமாட்டாள். நான் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைதான் என்னைக் கொன்றது. அவளை ஒரு கரை சேர்க்கும் வரைக்குமாவது நான் நடமாட வேண்டும். என் பயம் முழுக்க அதுதான்.

அதனால் முருகனிடம் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “அந்த இலக்கத்தை இறக்கித் தா. ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பிடிக்கிறேன்.”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் முதல் நாள் ஐயர் கையில் மஞ்சள் நூல் கட்டுவார். அதுதான் காப்பு. ஏழாம் நாள் காலை, விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாறணையன்றுதான் அதைக் கழற்றுவார். சிலர் இரவில் பாலும் பழமும் எடுப்பார்கள். சிலர் பூசைக்குப் பிறகு உள்ளங்கையில் விடுகிற தீர்த்தத்தோடு நிறுத்துவார்கள். நான் நேர்ந்தது அந்தக் கடுமையான விரதம்.

“டொக்டரிட்டக் கேட்டனியே?” என்றார் இவர்.

“சாமி காரியத்தை டொக்டரிட்டயே கேக்கிறது? நீங்கள் சும்மா இருங்கோ.”

அவர் சும்மா இருந்தார். சும்மா இருக்கச் சொன்னது நான்தான்.

எங்கள் கோயிலில் விரதத்துக்கு ஒரு நீதவான் இருக்கிறார் என்றால் அது பரமேஸ் அக்காதான். விரதகாரர் மண்டபத்தில் பாய் போட்டுத் தங்குவோம். அக்கா தூணடியில் முதுகு வளையாமல் இருப்பார். யாராவது இரவில் பால் குடித்தால், “இது விரதமே? பலகாரமெல்லோ” என்பார். அவருடைய ஆட்கள் குளத்திட்டம் திறந்து காணி கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்தவர்கள். என் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்களைக் கண்டால் அக்காவின் முகம் ஒரு பக்கம் திரும்புகிறது என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. அதனால் அவரோடு கதை வைத்துக்கொள்வதில்லை.

முதல் இரண்டு நாளும் போனது தெரியவில்லை. மூன்றாம் நாள் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. நாலாம் நாள் எனக்குக் கிளினிக், இவரும் கூட வந்தார். காலையிலேயே இரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் பெயர் கூப்பிட்டு உள்ளே விட்டார்கள். டொக்டர் பிள்ளை கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கடதாசியைப் பார்த்தார்.

ஒன்று தசம் ஒன்பது.

மூன்று நாளாகக் காய்ந்து கிடந்து கேட்டதற்கு இதுவா பதில் என்றுதான் நினைத்தேன்.

“கையில காப்பு கிடக்கு. கந்தசஷ்டியோ?”

“ஓம்.”

“தண்ணி குடிக்கிறனீங்களோ?”

“இல்லை.”

அவர் பேனையைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று குனிந்துகொண்டேன். ஏசவில்லை. “என்ர அம்மாவும் பிடிக்கிறவா. எனக்கு விளங்குது. ஆனா உங்கட சிறுநீரகம் இதைத் தாங்காது. இது ஏறினதுக்குத் தண்ணி இல்லாததும் காரணமா இருக்கலாம். இண்டைக்கே குடியுங்கோ. ரெண்டு கிழமையால திரும்ப எடுத்துப் பாப்பம். அதுவரைக்கும் ஒண்டும் முடிவெடுக்கத் தேவையில்லை.”

எவ்வளவு குடிக்க வேண்டும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் இவர் ஓடிப்போய் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திறக்கவில்லை. குடித்தால் நேர்ந்ததை முறித்தவள். முருகன் கோபித்தால் பழி மகள் தலையில் விழும் என்று ஒரு பயம். குடிக்காவிட்டால் சிறுநீரகம் போகும், அதுவும் மகளைத்தான் அடிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளைதான் நின்றாள். இவர் வழி முழுக்க யன்னலுக்கு வெளியே பார்த்தபடி கண்ணைத் துடைத்தார். வீட்டுக்குப் போக மனமில்லை. கோயிலடியில் இறங்கிக்கொண்டேன்.

மண்டபத்துக்குள் போனதும் பரமேஸ் அக்கா கேட்டார். “என்ன பிள்ளை, முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?”

அவரிடம் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆனால் வாய் திறந்ததும் எல்லாம் வந்துவிட்டது. சிறுநீரகம், இலக்கம், நேர்ந்தது, டொக்டர் சொன்னது, எல்லாம். பக்கத்தில் இருந்த ஒருவர், “இடையில விடப்படாது பிள்ளை, குற்றம் வரும்” என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். தீர்ப்பு அவர் வாயிலிருந்து வரும் என்று நின்றேன்.

அக்கா தூணைப் பிடித்து எழும்பினார். என் கையைப் பிடித்து மூலஸ்தானத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனார். “ஐயா, இவவின்ர காப்பைக் கழட்டி என்ர கையில கட்டுங்கோ. இவவின்ர மிச்சம் ரெண்டு நாளையும் நான் பிடிக்கிறன். என்ர ஆறு நாள் முடிஞ்ச பிறகு பிடிக்கிறன்.”

ஐயர் திகைத்துப்போய் நின்றார். “இப்பிடி ஒரு முறை இருக்கிறதா நான் படிக்கேல்லை அம்மா.”

“முருகன் வேண்டாம் எண்டா நூல் அறட்டும். கட்டுங்கோ.”

ஐயர் சாமியை ஒருதரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த நூலைக் கழற்றி, அக்காவின் கையில் அவருடைய காப்புக்குப் பக்கத்தில் கட்டினார். அக்கா என் பையிலிருந்த போத்தலை எடுத்து மூடியைத் திருகினார்.

“குடி.”

பஸ் வெக்கையில் அந்தத் தண்ணீர் சுட்டுப்போய் இருந்தது. அழுதழுது குடித்தேன். புரைக்கேறியது. முதுகில் தட்டினார். அதற்குப் பிறகும் குடித்தேன். சகோதரங்களே, என் வாழ்க்கையில் முருகன் எனக்கு எதையாவது கையில் தந்தார் என்றால் அது அந்தத் தண்ணீர்தான்.

சூரன்போர் அன்று எல்லோரும் வாடி நிற்க நான் மட்டும் வயிற்றில் தண்ணீரோடு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. பாறணையன்று வாழையிலை போட்டார்கள். பரமேஸ் அக்கா சோற்றுச் சட்டியைத் தூக்கி எல்லோருக்கும் பரிமாறினார். “நீங்கள் இருங்கோ அக்கா” என்று கூப்பிட்டார்கள். “எனக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கு” என்றார். நான் சோற்றைத் தொடாமல் அவரையே பார்த்தேன். “சாப்பிடு, பாத்துக்கொண்டு நிக்காத” என்று என் இலையில் இன்னொரு அகப்பை வைத்தார்.

அந்த இரண்டு நாளும் பொழுதுபட எங்கள் மாட்டுப் பாலைக் காய்ச்சி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். குடிக்கமாட்டார், திருப்பி விடுவார் என்றுதான் நினைத்தேன். குடித்தார். “உன்ர நாளைப் பாதியில விட்டிட்டு விழுந்திடக்கூடாதெல்லோ” என்றார். பலகாரம் என்று ஊரையே பழித்த மனுசி, எனக்காகப் பால் குடித்தார்.

இரண்டாம் நாள் நான் கேட்டுவிட்டேன். “அக்கா, ஏன் எனக்காக இவ்வளவு?”

அவர் கதிரையில் சாய்ந்திருந்தார். சுவரில் ஒரு பெடியனின் படம் இருந்தது. மாலை போடாத படம்.

“கடைசிச் சண்டை நேரம் பங்கருக்குள்ள இருந்தனாங்கள். தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் அம்மா எண்டு போனவன். அதான் இந்த ஆறு நாளும் எனக்குத் தண்ணி இறங்காது. ஒவ்வொரு வருசமும் கேக்கிறன், அவனைக் கொண்டுவந்து விடு எண்டு. விடேல்லை. எனக்குத் தராட்டிலும் பக்கத்தில நிக்கிறவளுக்கெண்டாலும் தரட்டுமே எண்டு நினைச்சன்.”

நான் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு கிழமையால் எடுத்த இரத்தத்தில் இலக்கம் ஒன்று தசம் ஐந்துக்கு இறங்கியிருந்தது. டொக்டர் பிள்ளை சிரித்தார். “இறங்கினது சந்தோசம். ஆனா வருத்தம் போகேல்லை, விளங்குதோ?” என்றார். விளங்குகிறது. நான் கேட்டது அந்த ஒன்று தசம் ஐந்தும் இறங்க வேண்டும் என்று. அது நடக்கவில்லை. இன்று வரைக்கும் அது அங்கேயே நிற்கிறது. ஒவ்வொரு கிளினிக்குக்கும் முதல் நாள் நித்திரை வராது. முழங்காலுக்குக் கீழே இன்னும் அழுத்திப் பார்க்கிறேன். சில நாள் மருந்தைப் பார்த்தாலே அலுப்பு வருகிறது. குணமாகிவிட்டேன் என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். என்றாலும் வயலுக்குப் போகிறேன், மகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள், அந்த ஒழுங்கையாலேயே நடந்து கடைக்குப் போகிறேன். பாரத்தைத் தனியாகத் தூக்க முடியாமல் நின்ற இடத்தில் முருகன் ஓர் ஆளை எழுப்பி அனுப்பினார். நான் வாங்கிய பதில் இதுதான்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கடதாசி வந்திருந்தால், பயப்படுவதைப் பிழை என்று சொல்லமாட்டேன். பயந்துகொண்டே முருகனைக் கேளுங்கள். விரதம் பிடிக்க முன்னம் டொக்டரையும் கேளுங்கள். கேட்பதால் சாமி குறைந்துபோகமாட்டார். குளிசையை விடாதீர்கள். நம்பி இருங்கள். உதவி எந்த முகத்தோடு வரும் என்று மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள்.

ஒரு காரியம் என்னை உறுத்துகிறது. கேட்ட எனக்குக் கிடைத்தது. எத்தனையோ வருசமாகக் கேட்கிறவருக்குக் கிடைக்கவில்லை. இதைப் பற்றி முருகனிடம் சண்டை பிடிக்கிறேன், மறைப்பதற்கில்லை. எனக்கு இனி விரதம் பிடிக்க முடியாது, அக்காவின் ஒரு நாளைக்கூட நான் வாங்கிப் பிடிக்க முடியாது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். இந்த ஐப்பசியில் நீங்கள் எந்தக் கோயிலில் இருந்தாலும், உங்களுக்காகக் கேட்டு முடித்த பிறகு, சுதன் என்ற பெயரையும் ஒருதரம் சொல்லுங்கள். பரமேஸ்வரியின் மகன் என்று சொல்லுங்கள். தாய் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.