ட்ரிக்கர் கேபிளும் ஜெபமணி அண்ணாச்சியும்

ஜெபமணி அண்ணாச்சி போய்விட்டார்.

இன்று காலை, ஆலங்குளத்தில் அவர் வீட்டிலேயே. நெஞ்சு வலிக்குது என்று எழுந்து உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான்.

நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரியாது. தென்காசியில் ரேடாருக்கு ஆம்ப்ளிஃபயர் செய்துகொடுத்த சின்ன கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே டெஸ்டிங் அவர். எலக்ட்ரீஷியன் நான். படித்தது எட்டாவதுதான், ஆனாலும் கம்பெனியே என் கையில்தான் ஓடியது!

அந்த ஆம்ப்ளிஃபயர் எப்போதும் எரிகிற பல்பு மாதிரி கிடையாது. கண் சிமிட்டுகிற நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் விழித்திருக்கும். நெட்வொர்க் அனலைசர் என்கிற மெஷின் சரியாக அந்தத் துளி நேரத்தில் அளக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் வெறும் இரைச்சல்.

அண்ணாச்சி சொல்வார்: "ஏலே மாரியப்பா, சீசன் கூட்டத்துல குத்தாலம் மெயின் அருவியில போலீஸ் விசிலடிச்சு ஆளை விடுதாம்லா? விசில் கேட்ட ஒடனே போட்டோ எடுத்தா வெறும் பாறைதான் விழும். ஆளு போயி தண்ணிக்குள்ள நிக்கட்டும், அப்பறம் எடு. அம்புட்டுதாம்லே ட்ரிக்கர்."

இதையே நான் வெளியூர் எஞ்சினியர்களிடம் என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டேன். கைதட்டினார்கள். அண்ணாச்சி பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை...

மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைத்து மாலை போடுவது என் டிபார்ட்மெண்ட். அண்ணாச்சி வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்; இருந்தாலும் பொரிகடலைக்கு முதல் ஆளாக நிற்பார்.

பல்ஸ் ஜெனரேட்டர் என்கிற சிக்னல் பெட்டியில் இரண்டு கேபிள் உண்டு. ஒன்று ஆம்ப்ளிஃபயரை எழுப்பும். இன்னொன்று, ட்ரிக்கர் கேபிள், கொஞ்சம் பொறுத்து அனலைசரிடம் "இப்போ அள" என்று சொல்லும். போட்ட மாலை கேபிளில் தட்டிச் சாய்கிறதே என்று இரண்டையும் கழற்றினேன்.

திரும்ப மாற்றிச் சொருகிவிட்டேன்.

லீவு முடிந்த அன்றே சரக்கு வாங்குகிறவர்கள் கேரளாவிலிருந்து வந்தார்கள். அனலைசர் முதலில் அளந்தது, ஆம்ப்ளிஃபயர் பிறகு விழித்தது. ஒரு பீஸ் விடாமல் எல்லாமே செத்த மாதிரி காட்டியது.

"என்னவே ஜெபமணி, இதத்தான் பாஸ்னு எழுதி வச்சீரா?" என்று முதலாளி அவர்கள் முன்னாலேயே கேட்டார்.

கேபிள் மாறியிருப்பதை அண்ணாச்சி கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் கார் புளியறை செக்போஸ்ட் தாண்டிவிட்டது. முதலாளி போன் போட்டார், கெஞ்சினார். திரும்பி வரவில்லை. ஆர்டர் போச்சு.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பூசைக்குத் தொடைக்கும்போது கேபிளக் கழத்துனியாலே?"

"இல்ல அண்ணாச்சி. மேலாப்புலதான் தொடச்சேன்."

நம்பினார். கேபிளைத் தொடுகிற இன்னொரு கை அவருடையதுதானே. நேரே முதலாளியிடம் போய், "நாந்தான் மாத்திச் சொருகிருக்கேன்" என்றார். அந்த வாரமே அவர் வேலையும் போனது.

பிறகு ஆலங்குளத்தில் ஒரு கடையில் மிக்ஸி ரிப்பேர் பார்த்தார். ரேடார் பார்த்த கை...

நான் போகும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். அவர் சிரித்துக்கொண்டு டீ சொல்வார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அருவியில் புலி பார்த்த கதையெல்லாம் அளக்கிற வாய் இது. இந்த ஒரு வரிக்கு மட்டும் திறக்கவில்லை.

போன மாதம் அவரே போன் பண்ணினார். "குத்தாலத்துல தண்ணி விழுதாலே?"

"விழுது அண்ணாச்சி. கூட்டம் கொறையட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். ஒரு விசயமும் பேசணும்."

"சரிலே, மெதுவா பேசுவோம்."

இன்று போய்ப் பார்த்தேன். மதினி, அண்ணாச்சி சம்சாரம், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நேத்து ராத்திரி சாப்பிடும்போது கூட அதையேதான் சொன்னாவ தம்பி. 'எப்படிட்டீ மாத்திச் சொருகுனேன், எங் கை அப்படிப் பண்ணாதே'ன்னு. இத்தன வருசமா அதே கேள்விதான்..."

வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், நானும் நின்றேன்.

அடக்கம் முடிந்துவிட்டது. ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தென்காசி பஸ் இரண்டு போய்விட்டது.

அண்ணாச்சி... உங்க கை பண்ணல. என் கை.

போய் வாங்க.