கறுப்புக் கல்லின் வேர்

கல்லை நாக்கால் ஒரு நக்கு நக்கிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணில் உருப்பெருக்கியை வைத்துப் பார்க்கிறார் கல்லக்கா. "ஈரம் பட்டாத்தான் கல்லு வாயைத் திறக்கும்." யாராவது முகம் சுளித்தால், "உங்க போனை விட இது சுத்தம். கடல்ல கழுவினது" என்று பதில் தயாராக இருக்கும்.

பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறார். மயிரிழை மேடுபள்ளமும் அவர் விரல்நுனிக்குத் தப்பாது. கடை விடுமுறை என்றால் ஆளைக் கடற்கரையில்தான் பிடிக்க முடியும். பதினோரு வருடக் கற்கள் அலமாரியில், கட்டிலடியில், செருப்புப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் எழுதிய துண்டுக் காகிதம். "இந்த வீட்ல அரிசியில மட்டும்தான் கல்லு இல்ல" என்பார் நாத்தனார்.

ஒருமுறை மானமும் போயிருக்கிறது. காந்தம் ஒட்டிக்கொண்ட கறுப்புக் கட்டி ஒன்றை, வானத்திலிருந்து விழுந்தது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, கனிமவள அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதிகாரி அதைக் கையில்கூட வாங்கவில்லை. உலையில் உருக்கிக் கொட்டிய இரும்புக் கசடு! அப்புறம் என்ன, எதிரே வருகிறவர்கள் எல்லாம், "அக்கா, இன்னிக்கு ஏதாச்சும் விழுந்துச்சா?" என்று மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதனால்தான், வெளிறிய பாறைகள் மட்டுமே உள்ள அந்தக் கரையில், அறுபது தப்படிக்குள் மட்டும் கனத்த கறுப்புக் கற்கள் கிடப்பதை அவர் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

"தடுப்புச் சுவருக்கு லாரியில கொட்டுன கல்லும்மா அது" என்றார் அதிகாரி.

"சுவர்க் கல்லை உடைச்சா உள்ள மணி மணியா, பெருசு பெருசா இருக்கு சார். இதுல பொடி. ரெண்டும் வேற வேற ஜாதி."

"இங்கயே பிறந்த கல்லுன்னா வேர் இருக்கணும்ல? தரையோட ஒட்டியிருக்கற இடத்தைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

பஸ் ஓட்டுநரான கணவர் அன்று சாப்பிடும்போதே பேச்சை எடுத்தார். "இதுவும் தப்புன்னு ஆச்சுன்னா, வீட்ல இருக்கற கல்லு மொத்தமும் கடலுக்கே திரும்பிப் போயிடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் கல்லக்கா.

ஏழு மாதம், தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் துடைப்பமும் தகரத் துண்டுமாய் மணலைத் தோண்டினார். ஒரு சாண் தோண்டினால் அலை இரண்டு சாண் மூடியது. பிறகு மூன்று நாள் கடல் பேயாட்டம் ஆடியது. நாலாம் நாள் காலையில் போனால், இடுப்பளவு மணலைக் காணோம்! வெளிறிய பாறையை நட்டநடுவே பிளந்துகொண்டு, இரண்டு ஆள் கைவிரித்த அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை நேராகக் கடலுக்குள் போனது. என்றோ உருகிய பாறைக் குழம்பு வெடிப்புக்குள் ஏறி உறைந்த இடம். ஓரத்தில் மாவு போல மணி, நடுவில் உப்பு போல. கல்லக்கா தண்ணீரிலேயே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு கணவரைப் போனில் கூப்பிட்டார்.

"ஏங்க, வேர் கெடைச்சிருச்சு! தண்ணி ஏறறதுக்குள்ள அந்த சாரைக் கூட்டிட்டு வாங்க!"

அதிகாரி வந்து மண்டியிட்டார். இரண்டு பாறையும் ஒட்டும் கோட்டில் கட்டைவிரலை ஓட்டினார்.

"பதினெட்டு வருஷமா இந்தக் கரையில நடக்கறேன்மா. எங்க மேப்ல இது இல்ல. நான் சொன்னதுதான் தப்பு."

"இனிமே இருக்கும்ல சார்?"

"உங்க பேரோட இருக்கும்."

கணவருக்குத் தலைகால் புரியவில்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, வலை உதறிக்கொண்டிருந்த முன்பின் தெரியாதவரிடம் ஓடினார். "எங்க வீட்டம்மா கண்டுபிடிச்சது! லாரியில வந்ததாம், லாரியில!"

அதிகாரி முழுப் பட்டையும் படத்தில் விழட்டும் என்று கேமராவோடு பின்னால் பின்னால் நகர்ந்தார். சேற்றுக் காலணி கறுப்பு ஓரத்தில் பதிந்தது.

"சார், காலை எடுங்க!"

அவர் துள்ளி விலகி, காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். கல்லக்கா குனிந்து, அந்தச் சேற்றுத் தடத்தை முந்தானையால் துடைத்தார்.