நாலு வலைப்பூவும் ஒரு வடையும்

பூதலூர் ரயிலடிக்கு எதிரே உள்ள டீக்கடையில் காலை ஆறே முக்காலுக்கு முதல் ஈடு வடை எடுப்பார்கள். எப்போதும் பதினெட்டு. இன்று எண்ணினால் பதினேழு. கேட்டேன்.

"ஒண்ண நான் தின்னுட்டேங்க. கணக்கு சரியாயிடுச்சா?" என்றார் கடைக்காரர்.

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வடை வாசனை என்னை எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. உங்களிடம் சொன்னால்தான் ஆறும்.

ஓய்வு பெற்ற புதிதில் நான் இணையத்தில் நாலு வலைப்பூக்கள் நடத்தினேன். ஆற்றுத் தண்ணீருக்கு ஒன்று, கோயில்களுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, புலம்பலுக்கு ஒன்று. ஒன்று போதாதா என்று கேட்காதீர்கள். தாராசுரத்துத் தூணையும் வத்தக்குழம்பையும் ஒரே பக்கத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை. ஒருமுறை மேட்டூர் நீர்மட்டத்தைச் சமையல் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். "இதுக்கு எத்தனை விசில் விடணும் சார்?" என்று ஓர் அம்மாள் கேட்டிருந்தார்.

என் மனைவிக்கு அது ஒரு வாரத்துக்குப் போதுமான சிரிப்பு. "ஒத்த ஆளு நாலு வயலுக்கு மடை திருப்பினா இப்படித்தான். ஒண்ணு அழுகும், ஒண்ணு காயும்" என்றாள்.

எழுதுவதுகூடக் கஷ்டமில்லை. வலைப்பூக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நம் பக்கத்துக்கு வந்து பின்னூட்டம் இட்டவர் பக்கத்துக்கு நாமும் போய் இட வேண்டும். நாலு வலைப்பூ என்றால் ஒரு நாளைக்கு நாற்பது வீடு. முடியுமா? ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து எல்லா இடத்திலும் ஒட்டினேன்: "அருமை! தொடருங்கள். நம்ம பக்கமும் வாங்க."

முதல் ஆளாகப் பின்னூட்டம் இடுகிறவருக்கு வடை என்பது அந்நாளைய விளையாட்டு. திருவாரூர்க்காரர் ஒருவர், ஓடம்போக்கி என்று ஆற்றின் பெயரில் எழுதியவர், என் நாலு பக்கத்துக்கும் முதலில் வந்துவிடுவார். "வடை எனக்குத்தான் சார்! சட்னி கெட்டியா இருக்கட்டும்!" நேரில் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் அவர் 'இனி ஒரு தம்ளர் காபி' என்று ஒரு பதிவு போட்டார். சர்க்கரை நோய் பற்றி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், தலைப்பைத் தாண்டவில்லை. ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

நாலு நாளாக அவரைக் காணோம். வராதவர்களையும் எண்ணுகிறவன் நான். அந்தப் பதிவைப் போய்ப் படித்தேன். மனைவி இறந்ததை எழுதியிருந்தார். பழக்கத்தில் இரண்டு தம்ளர் காபி ஆற்றிவிட்டு, ஒன்றை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றாராம். கீழே ஐம்பத்திரண்டு அனுதாபங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் ஆளாக, என் "அருமை! தொடருங்கள்." அதற்கு மட்டும் பதில் எழுதியிருந்தார்:

"வடை உங்களுக்குத்தான் சார்."

திட்டியிருக்கலாம். மன்னிப்பு எழுதி ஏழு தடவை அழித்தேன்.

"நேர்ல போயி நில்லுங்க. கம்ப்யூட்டர்ல என்ன மன்னிப்பு வேண்டிக்கெடக்கு?" என்றாள் மனைவி. அடுத்த வாரம் என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. நாலு வலைப்பூ இருந்தனவே.

பிறகு எல்லாரும் முகநூலுக்கும் வாட்ஸப்புக்கும் போய்விட்டார்கள். அவர் பக்கத்தைத் தேடினால், அப்படி ஒன்று இல்லை என்கிறது. மன்னிப்பை வைக்க இருந்த ஒரே இடமும் போயிற்று.

போன தை மாதம் என் மனைவி போய்விட்டாள். காரியம் முடிந்து மகன் விமானம் ஏறியதும், நாலு வலைப்பூவிலும் அதை எழுதினேன். தினமும் டீக்கடையிலிருந்து வந்ததும் திறந்து பார்க்கிறேன். நாலிலும் பூஜ்யம்.

யாராவது படிக்காமலே "அருமை! தொடருங்கள்" என்று ஒட்டிவிட்டுப் போனால்கூடப் போதும். வடை அவருக்குத்தான்.