என் நடவுப் பாட்டு ஒப்பாரியான கதை

பேத்தியின் கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் வாத்தியார் சென்னைக்காரர். போன மாசம் மலையாள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி எங்கள் ஊருக்கு வந்து, என் வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டுப் போகப் பார்த்தார். நல்ல மனுஷர்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் கொல்ல வந்தார்.

நான் கட்டிய ஒரு பாட்டைப் பேத்தி போனில் பிடித்து அவரிடம் கொடுத்திருந்தாள். புத்தகத்தில் போடுகிறாராம். எனக்கு எழுத்து வராது. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். ஆனாலும் புத்தகம் என்றதும் தலைகால் புரியவில்லை. முறுக்குச் சுட்டேன். கொஞ்சம் கருகிவிட்டது, சந்தோஷத்தில் அடுப்பை யார் பார்த்தது?

பாட்டு இவ்வளவுதான்:

வாய்க்கா நெறஞ்சு வெள்ளம் வந்துச்சு
வரப்பு மேல மாமனக் காணோம்
நாத்து வாடுது.

“முதல் ரெண்டு அடியில நாலு நாலு சீர், பாட்டி. மூணாவதுல ரெண்டுதான். ஏன்? துக்கம் தொண்டையை அடைக்குது. வெள்ளம் புருஷனை அடிச்சுட்டுப் போயிடுச்சு! ஒப்பாரிப் பகுதியில சேர்த்திருக்கேன்” என்றார் வாத்தியார்.

பக்கத்தில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கேட்டார்: “ஏனுங்க தம்பி, நான் எப்பங்க செத்தேன்?”

பாவம், மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர். குடிக்கக் கேட்பதும் வெள்ளம்தான். அது வாத்தியார் படித்த படிப்பில் இல்லை.

“அப்ப மாமன் எங்க போனார்?”

“டீக்கடைல பஜ்ஜி தின்னுட்டிருந்தாருங்க. கடைமடைக்குத் தண்ணி வந்த சந்தோசத்துல, நாத்து எடுத்துக் குடுக்க வராத இவரத் திட்டிப் பாடுனதுங்க அது.”

“அந்த ரெண்டு சீர்?”

“நாத்த நட்டுட்டு அங்க பின்னால ரெண்டு எட்டு வெக்கோணுமுங்க. அப்பவும் பாடிட்டிருந்தா சேத்துல உழுந்துருவோம்.”

எழுந்து நடந்தே காட்டினேன். வாத்தியார் துள்ளிக் குதித்துக் குறித்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, “ஒப்பாரியாவே இருந்துட்டுப் போகட்டுமே பாட்டி, அதுல பாட்டு கம்மியா இருக்கு” என்றார்.

“உசுரோட இருக்கற மனுசனுக்கு ஒப்பாரி அச்சுல வந்தா, ஊரே துக்கங் கேக்க வந்துருமுங்க. வர்றவிகளுக்கெல்லாம் காப்பி நீங்க போடறீங்களா?”

ஒப்பாரி என்று எழுதியிருந்ததை அடித்தார். அடித்த கோடு எனக்குத் தெரிந்தது. அதற்குப் பதிலாக எழுதியது என்ன என்று தெரியவில்லையே? வாசிக்கச் சொன்னேன்.

“நடவுப் பாட்டு. சுவை: நகை.”

“அது பத்தாதுங்க. இவரப் பத்தி ஒரு வார்த்த எழுதுங்க.”

பெருமூச்சு விட்டுக்கொண்டே ஓரத்தில் எழுதி வாசித்தார்: “பாட்டில் வரும் மாமன் நலமாக இருக்கிறார்.”

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். என்ன ராகம் அதற்கு!