எண்ணெயிலும் பார்க்காத முகம்

கம்சனின் கதையை எங்கள் வீட்டில் யாரும் பக்தியோடு சொன்னதில்லை. எனக்கெதிரான சாட்சியமாகத்தான் சொன்னார்கள். கிருஷ்ணன் ரோகிணியில் பிறந்தான், தாய்மாமனைக் கொன்றான். நானும் ரோகிணி. அம்மாவுக்கு ஒரேயொரு அண்ணன். மிச்சத்தைச் சனம் தானே கூட்டிப் பார்த்துக்கொண்டது. சந்திரன் தன் இருபத்தேழு மனைவிகளில் ரோகிணியிடமே மயங்கிக் கிடந்தான் என்றும் புராணத்தில் இருக்கிறது. அந்தக் கதையை மட்டும் நானாகத்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் பிறந்ததும் சாத்திரியார் ஒரு பரிகாரம் சொன்னாராம். முப்பத்தோராம் நாள் வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் விட்டு, அதில் தெரிகிற என் முகத்தை மாமா முதலில் பார்க்க வேண்டும். பிறகு நேரே பார்த்தால் தோஷம் இல்லை. மாமா வாவிக்கு அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையில் வேளாண்மை செய்தவர். நாங்கள் நாவற்குடா. தோணி ஏறி வந்தார், கிண்ணத்துக்கு முன்னால் குந்தினார், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "கண்டிட்டன்" என்றார். அம்மா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். எண்ணெயில் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்க்கிற தைரியம்கூட அந்த மனிதருக்கு இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பாதியில் நின்ற பரிகாரத்துக்குப் பிறகு ஒரே வழிதான் இருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது. மாமா வருகிறார் என்றால் என்னை அடுப்படிக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். எப்போதாவது முற்றத்தில் எதிர்ப்பட்டுவிட்டால் "அங்கால கிறுகு புள்ள" என்று அம்மா கத்துவார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு போவார். எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழி வருவது. மாமாவும் நானும் ஒரே குடி, அவர் பெற்ற பிள்ளைகள் மாமியின் குடி. அந்த முறைப்படி அவருக்கு அடுத்த தலைமுறையில் என்னைவிட நெருங்கிய ஆள் இல்லை. அறுவடை முடிந்தால் தவறாமல் நெல் அனுப்புவார். அவர் கொடுமைக்காரர் இல்லை, பயந்தாங்கொள்ளி. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு இருபத்துநான்கு வயதாயிருந்தபோது கொக்கட்டிச்சோலைப் பக்கம் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பு. வயலுக்குப் போன மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் நாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா உயிரோடு இருந்தபோது பதுளையில் சிங்களவர் நடுவே கடை வைத்திருந்தார்; பள்ளி விடுமுறைகளில் அங்கே போய் நின்றதால் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். முகாமில் போய்ப் பேச எங்கள் குடும்பத்தில் வேறு ஆள் இல்லை.

"நீதான் போகணும்," என்றார் மாமி. "ஆனா அவர்ர கண்ணில பட்டிராத. முகாம் பெரியவனோட மட்டும் கதைச்சிட்டு வா."

அவரை மீட்டுக்கொண்டு வர வேண்டும், அவர் என்னைப் பார்க்கவும் கூடாது. இந்த யோசனையில் என்ன குறை என்று மாமிக்கு விளங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் போகாமல் விட்டிருக்கலாம். விட்டால், ரோகிணி கைவிட்டுக் கொன்றாள் என்பார்கள். போனேன்.

முகாமில் என்னை விசாரித்த அதிகாரியின் மணிக்கட்டில் பிக்குமார் ஓதிக் கட்டுகிற பிரித் நூல் கட்டியிருந்தது. மரியாதையாகவே பேசினார். மாமா என்னைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தார். நாவற்குடாவில் தங்கையின் மகள் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், சிங்களம் பேசுவாள், தேடி வருவாள் என்று. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் அதிகாரி. ஆனால் யார் யாரோ வந்து மாமா, சித்தப்பா என்று ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள். அதனால் நான் வாய் திறக்கக் கூடாது, அவரே என்னை அடையாளம் சொல்ல வேண்டும்.

மாமாவைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தார். இருபத்துநான்கு வருடத்தில் முதல் தடவையாக, கீழேயிருந்து மேலே, அவசரமில்லாமல்.

"இது யார்?" என்று அதிகாரி அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"தெரியாது ஐயா," என்றார் மாமா.

பொய் சொல்லவில்லை. என் நட்சத்திரம் தெரியும், பாதம் தெரியும், பிறந்த நாழிகை தெரியும். முகம் தெரியாது.

நான் மேசைக்கு மேல் குனிந்து, மாமாவுக்கு விளங்காத சிங்களத்தில், தாழ்ந்த குரலில் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாதகம், தோஷம், எண்ணெய், குசினிக் கதவு. அவர் பொறுமையாகக் கேட்டார். "நாங்களும் சாதகம் பார்க்கிறவர்கள்தான்," என்றார். "ஆனால் தங்கையின் பிள்ளையுடைய முகம் தெரியாத மாமனை நான் கண்டதில்லை." எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடினார்.

அப்போதுதான் நான் "மாமா" என்று கத்தினேன். குசினிக்குள் நான் பேசுவதையும் சிரிப்பதையும் கதவுக்கு வெளியே இருந்து அவர் எத்தனையோ தரம் கேட்டிருப்பார். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"மனே, புள்ள, நீயா? ஐயா, இது என்ட மருமகள். என்ட தங்கச்சிர புள்ள ஐயா."

அதிகாரி சிரித்தார். "இப்போது நீ சொல்லிக் கொடுத்துவிட்டாய்," என்றார். மாமாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கதவு வரைக்கும் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். அதன் பிறகு அவர் வீடு வரவில்லை. எங்கே என்று கேட்ட இடத்திலெல்லாம் அப்படி ஒருவர் இருக்கவில்லை என்றார்கள்.

அன்று நான் திரும்பி வந்தபோது மாமி எங்கள் வேலிப் படலையடியில் நின்றார். முதல் கேள்வியே, "அவர் உன்ட முகத்தப் பாத்தாரா?"

"ஓம், பாத்தவர்," என்றேன்.

மாமி தலையில் அடித்துக்கொண்டு அந்த மண்ணிலேயே குந்திவிட்டார். அம்மா ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அக்கம்பக்கத்தவர்களும் கூடினார்கள். ரோகிணி வேலையைக் காட்டிவிட்டது என்று என் காதுபடவே சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் மாமாவைக் கடைசியாகக் கண்டவள் நான். அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.