நடைபாவாடையில் இறங்காத குரூப் கேப்டன்

குரூப் கேப்டன் கிருபாகரனுக்கு இடது காது சரியாகக் கேட்காது. விமானப்படை செய்த சீர் அது. வாழ்நாளில் பாதியை ஹெலிகாப்டருக்குள் கழித்தவருக்குக் காது போகும், இடுப்பு போகும், தூக்கம் போகும். போகாமல் கூடவே இருப்பது அலுப்பு மட்டும்தான்.

செய்யூர்ப் பக்கத்தில் அவரைப் பற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இமயமலையில் காற்றே இல்லாத உயரத்தில் எஞ்சின் நின்றபோது வாயால் ஊதியே விசிறியைச் சுற்றவிட்டாராம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த சிப்பாய்கள் அவர் மீசையைப் பார்த்து சல்யூட் அடித்தார்களாம். அவருக்கு மீசையே கிடையாது. அவர் தாழப் பறந்தால் மதுராந்தகம் வரைக்கும் கோழிகள் முட்டையிடாது என்றும் சொல்வார்கள். அதை மட்டும் நம்பலாம்.

அப்பா ஏசுதாஸ் சவுக்குத் தோப்பில் கூலிக்கு மரம் வெட்டியவர். அம்மா பாப்பா வேர்க்கடலை பறிக்கப் போனவள். செங்கல்பட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் படித்த பையன், என்சிசியில் சேர்ந்து, பரீட்சை எழுதி, நேர்முகத்தேர்வுக்குப் போனான். "ஏன் பறக்க ஆசைப்படுகிறாய்?" என்று கேட்ட அதிகாரிகளிடம், "நடந்து அலுத்துவிட்டது சார்" என்றானாம். இதையும் நம்பலாம். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் அத்தனை தூரம்.

பிறகு லே, தேஜ்பூர், ஜோத்பூர் என்று ஊர் ஊராக மாற்றல். மனைவி ஜெனிஃபர் சில அட்டைப்பெட்டிகளைப் பிரிக்காமலேயே வைத்திருந்தாள். எப்படியும் மறுபடி கட்டத்தானே வேண்டும். பனிமலைச் சிகரங்களுக்கு அவர் அதிகம் ஏற்றிப்போனது மண்ணெண்ணெய். அடுத்தது உருளைக்கிழங்கு. அங்கிருந்து எதை இறக்கி வந்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். போர்வையில் சுற்றிக் கட்டிய சிப்பாய்கள் கனமே இருக்கமாட்டார்கள் என்று ஒருமுறை மட்டும் ஜெனிஃபரிடம் சொல்லியிருக்கிறார். பதவி உயர உயரப் பறப்பது குறைந்து கோப்புகள் கூடின. குரூப் கேப்டன் ஆனபோது சொந்த மாநிலத்திலேயே ஒரு விமானதளத்தை அவர் பொறுப்பில் விட்டார்கள். தண்ணீர்த் தொட்டி கசிந்தாலும் அவரைத்தான் எழுப்பினார்கள்.

இத்தனை பதவியிலும் பாப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மகன் சீருடையோடு ஊரார் கண்முன்னால் வந்து இறங்க வேண்டும். அவள் புருஷன் அந்த ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவன். மகனோ லீவில் கடைசி பஸ்ஸில் வருவார், அரைக்கால் சட்டையோடு. வந்ததும் படுப்பார். லீவு முடியும்போதுதான் எழுந்திருப்பார்.

"ஏன்டா நைனா, அந்த நீலச் சட்டய ஒரு வாட்டி போட்டுகினு ஊர்த் தெரு வழியா வாயேன்."

"வேர்க்கும்மா."

"பனியில நின்ன தொரைக்கு இங்க வேர்க்குதாமா."

"அடுத்த லீவுல பாக்கலாம்மா."

அந்த அடுத்த லீவு முதலில் வரவில்லை. வெள்ளம்தான் வந்தது.

ஏரி உடைந்து, ரோடு அறுந்து, ஊரும் காலனியும் ஒரே தீவாகக் கிடந்தன. காலனியில் ஸ்ரீதேவிக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்துப் பொழுது போய்க்கொண்டே இருந்தது. குழந்தை குறுக்கே கிடப்பதாகச் சொன்னாள் நர்சம்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் போகும். தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு குமாஸ்தா போனில் பேசினார். "காலையில ஹெலிகாப்டர் வருது, பள்ளிக்கூட மைதானத்துல எறங்கும்" என்றவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஓட்டிகினு வர்றது யாரு தெரியுமா, உங்க பாப்பாம்மா புள்ளதான்" என்றும் சேர்த்துவிட்டார். அத்தோடு டவர் படுத்துவிட்டது.

உண்மையில் கிருபாகரன் ஓட்ட வேண்டியதே இல்லை. வர வேண்டிய பைலட்டுக்குக் காய்ச்சல். மற்றவர்கள் வேறு ஊர்களில் ஆளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு வழி தெரியும்" என்று கோப்புகளை மூடிவிட்டு எழுந்தார்.

இங்கே பாப்பா நேராக செங்கல்வராயனின் இஸ்திரிக் கடைக்குப் போனாள். பெரிய வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை மண்ணை மிதிக்காமல் நடந்துபோக வெள்ளைத்துணி விரிப்பார்கள், நடைபாவாடை என்று. அந்தக் காலத்தில் அதை விரித்தவர் இந்த செங்கல்வராயன்தான்.

"அந்த வேலய வுட்டுட்டு நான் நிம்மதியா கீறேன், பாப்பா. மறுபடி இன்னாத்துக்கு?"

"ஆண்டைங்க காலுக்கு விரிச்ச இல்ல? என் புள்ள காலு இன்னா ஒசத்தி கம்மியா?"

செங்கல்வராயன் எழுந்தார். இஸ்திரிக்கு வந்திருந்த வேட்டி, பெட்ஷீட் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். காலனிப் பெண்கள் கல்யாணப் புடவைகளையும் கொண்டுவந்தார்கள். மைதானத்தின் நடுவிலிருந்து பள்ளிக்கூட வராந்தா வரைக்கும் விரித்தாயிற்று. வராந்தாவில் கட்டிலில் ஸ்ரீதேவி முனகிக்கொண்டிருந்தாள்.

ஹெலிகாப்டர் வந்தது. கிருபாகரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை பைலட் ஃபர்தீன் செங்கல்பட்டுக் கடைத்தெருப் பையன். எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இன்னா சார் இது, வளைகாப்பா?" என்றான்.

கிருபாகரன் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. அம்மாவைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்? இறங்கினால் விசிறிக் காற்றில் அத்தனை துணியும் எழும்பும். ஒரு புடவை விசிறியில் சுற்றினால் போதும், கீழே நிற்கும் கூட்டத்தின் மேலேயே வந்து விழ வேண்டியதுதான். கயிற்றை இறக்கலாம் என்றால் அதற்கும் தலைக்கு மேலேயே அந்தரத்தில் நிற்க வேண்டும், அதே காற்றுதான். சுற்றிலும் இறங்க வேறு மேடு இல்லை.

சட்டென்று மேலே தூக்கினார். கண்ணாடியைத் திறந்து, துணியை எடுங்கள் என்று ஃபர்தீன் கையை வீசினான். கீழே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பக் கையை வீசினார்கள்.

"சார், டாட்டா காட்றாங்க சார்."

இன்னொரு சுற்று வந்தார்கள். கீழே விசில் பறந்தது. பாப்பா மகன் ஊருக்கே வேடிக்கை காட்டுகிறானாம். மூன்றாவது சுற்றில் எண்ணெய் முள்ளைப் பார்த்தான் ஃபர்தீன். முள் தாழ்ந்துகொண்டிருந்தது. கட்டிலில் ஸ்ரீதேவியின் முனகல் நின்றுவிட்டிருந்தது. நர்சம்மா அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பாப்பாவின் முகம்தான் முதலில் மாறியது. வருகிறான், பார்க்கிறான், போகிறான். துணியைப் பார்த்துத்தான் போகிறான்.

"மெறிக்க மாட்டேன்றான்" என்றாள். "ஆண்டைங்க மெறிச்ச மாதிரி நான் மெறிக்கணுமான்றான். ரோசம். அவங்கப்பன் ரோசம்." முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "வேணாம்னா வுடு. சுருட்டுங்கடி."

பெண்கள் சுருட்டினார்கள். செங்கல்வராயன் தன் பங்குக்கு இரண்டு கையாலும் வாரிச் சுருட்டி வகுப்பறைக்குள் வீசிக் கதவைச் சாத்தினார். மைதானம் வெறும் சேறானது. ஹெலிகாப்டர் இறங்கியது.

விசிறி நிற்கவில்லை. பின்னாலிருந்த ஆட்கள் குதித்து, கட்டிலோடு ஸ்ரீதேவியைத் தூக்கி ஏற்றினார்கள், நர்சம்மாவையும் ஏற்றினார்கள். இறங்க பைலட்டுக்கு அனுமதி இல்லை, நேரமும் இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு ஹெல்மெட்டுகளைப் பார்த்து பாப்பா நின்றாள். எது தன் பிள்ளை என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாகப் பார்த்துவைத்தாள்.

மேலே ஏறியதும் கிருபாகரன் சொன்னார்: "எனக்கு ஆசையாதான் இருந்துச்சு, ஃபர்தீன். எறங்கி அதுல ரெண்டு அடி நடக்கணும்னு."

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

வெள்ளம் வடிந்து ரோடு போட்ட பிறகு கிருபாகரன் வழக்கம்போல் கடைசி பஸ்ஸில் வந்தார். அம்மா பேசமாட்டாள் என்று நினைத்துத்தான் வந்தார். வீட்டில் செங்கல்வராயன் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினியோ பேரு காலுக்கு விரிச்சிருக்கேன் தம்பி. வேணாம்னு திரும்பிப் போனவன் நீ ஒருத்தன்தான். ராத்திரி வூட்ல சொல்லிச் சொல்லி அழுதேன்."

"அதெல்லாம் இல்லீங்க. துணி விசிறியில மாட்டிக்கும். அதான்."

"பாத்தியா" என்றாள் பாப்பா, அடுப்படியிலிருந்து. "பெருமயா ஒரு வார்த்த பேச மாட்டான். ஊர்த் தெருவுல கேட்டுப் பாரு, அங்கயே சொல்றாங்க. பாப்பா மவன் இன்னொருத்தன் முதுவுல நடக்க மாட்டான்னு." வெளியே வந்து மகன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். "எறங்கி நடந்திருந்தா கூட இந்தப் பேரு வந்திருக்காதுடா நைனா. அதுக்குத்தானே மேலயே சுத்திகினு இருந்த?"

செங்கல்வராயன் இன்னும் கையை விடவில்லை. நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை, சூடாக இருந்தது.

"அதுக்குத்தாம்மா" என்றார் கிருபாகரன்.

"சாப்புட்றியா? கொழம்பு சூடு பண்ணட்டா?"

"வேணாம். அப்படியே ஊத்து."