பெரியப்பா வீட்டு மின்மினிகள்

தூத்துக்குடியில் இருட்டு என்பது கிடைக்காத சரக்கு. துறைமுகத்தில் விளக்கு, அனல்மின் நிலையத்தில் விளக்கு, உரக் கம்பெனியில் விளக்கு. உப்பளத்துப் பாத்திகூட அந்த வெளிச்சத்தை வாங்கி நம் முகத்திலேயே திருப்பி அடிக்கும். அதனால் தலை நரைக்கத் தொடங்கும் வரை நான் ஒரு மின்மினிப் பூச்சியைக்கூடப் பார்த்ததில்லை. என் தங்கையைப் பெண் பார்க்க வந்த சமயத்தில்தான் பார்த்தேன்.

பெண் பார்ப்பதை எங்கள் வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியப்பா உத்தரவு போட்டுவிட்டார். "உங்க தெருவுல நிலக்கரித் தூசி பறக்கு. வாரவுக மூக்கப் பொத்திக்கிட்டா பொண்ணப் பாப்பாவ?" என்றார். அவர் வீடு ஏரலுக்குப் பக்கத்தில், ஆற்றுப் பாசன வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. பெரிய வீடு; பெரியப்பாவின் வாய் அதைவிடப் பெரிது.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சென்னையில் கடைகள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பிய ஒரே நிபந்தனை. தங்கையோ துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருக்கிறாள். எந்தக் கப்பலுக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று கேப்டன்களோடு மல்லுக்கட்டுகிறவள். அந்த வேலை அவளுக்கு உயிர். "வேலைய விட மாட்டேன், அவியகிட்ட சொல்லிருங்க பெரியப்பா" என்று தெளிவாகச் சொன்னாள். "ஏளா, அதெல்லாம் தாலி கட்டுன பொறவு பேசிக்கிடலாம்" என்று அவரும் தெளிவாகச் சொன்னார்.

முந்தின நாளே போய்விட்டோம். பொழுது சாயும் நேரத்தில் வாய்க்கால் கரையில் நானும் தங்கையும் நின்றுகொண்டிருந்தபோது புதருக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. பிறகு நாலைந்து. பிறகு கரை முழுக்க. நான் உடனே போனை எடுத்துப் படித்து அவளுக்குப் பாடம் நடத்தினேன். வயிற்றில் ஊறும் ஏதோ ஒன்று காற்றோடு சேர்ந்து சூடே இல்லாமல் ஒளிர்கிறதாம். பறக்கிற ஆண், மின்னி மின்னிக் கேட்குமாம். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண், பிடித்திருந்தால் பதிலுக்கு மின்னுமாம். பிடிக்காவிட்டால் பேசாமல் இருட்டிலேயே இருந்துவிடுமாம்.

"கொடுத்து வச்ச பூச்சி" என்றாள் தங்கை.

மறுநாள் பெரியப்பா லைட் செட் அண்ணாச்சியைக் கூட்டி வந்தார். ஊரெல்லாம் கோயில் கொடைத் திருவிழா நடக்கிற மாதம். அண்ணாச்சியிடம் மிச்சம் இருந்தவை சீரியல் பல்புச் சரங்களும், அம்மன் தலைக்குப் பின்னால் சுழலும் ஒரு விளக்குச் சக்கரமும்தான். சரங்கள் வீடு முழுக்க ஏறின. சக்கரத்தை வாசல் திண்ணையில் பெண் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்கள். கார் வரும் வழி தெரிய வேண்டுமென்று வாய்க்கால் கரையில் ஃபோகஸ் லைட் வேறு.

"அங்கன லைட்டப் போட்டா பூச்சி வராதே பெரியப்பா" என்றேன்.

"ஏலே, பொண்ணு பாக்க வாரது பூச்சியா, மனுசனா?"

நான் ஏணியைப் பிடிக்கப் போனேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர்கள் வந்து இறங்கினார்கள். தங்கை காபி கொடுத்துவிட்டு, காலித் தட்டோடு சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்க்க முயன்று, கண் கூசித் தரையைப் பார்த்தார். அவருடைய அம்மா பழக்கதோஷத்தில் கும்பிடப் போய், சட்டென்று கையை இறக்கிக்கொண்டார்.

எல்லாக் கேள்விக்கும் பெரியப்பாவே பதில் சொன்னார். சமைப்பாளா? சமைப்பாள். பாடுவாளா? பிரமாதமாகப் பாடுவாள். அவள் பாடினால் எங்கள் தெரு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும். வேலை? "அது சும்மா பொழுதுபோக்குக்கு, சம்பந்தி. நாளைக்கே விட்டுருவா." நிச்சயம் ஆவதற்கு முன்பே சம்பந்தியாகிவிட்டார்! தங்கை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"பொண்ணுக்குச் சம்மதந்தானே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"முழுச் சம்மதம்" என்றார் பெரியப்பா. பட்டென்று வீட்டு ஃபியூஸ் போயிற்று.

கரையில் எரிந்த ஃபோகஸ் லைட்டும் சேர்ந்து அணைந்தது. லைட் செட் அண்ணாச்சி மீட்டர் பெட்டியைத் தேடி ஓடினார். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் பக்கமிருந்து மின்மினிகள் வரத் தொடங்கின. முருங்கை மரத்தில், கார்களின் மேல், பெரியப்பாவின் பட்டுக்கரை வேட்டியில்கூட ஒன்று. யாரோ போன் டார்ச்சைப் போட, "அணைங்க, பூச்சி எவ்வளவு அழகா இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"எதுக்காக இப்படி மின்னுது?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். முந்தின நாள் படித்தது நாக்கு நுனியிலேயே இருந்தது. ஒன்று விடாமல் கொட்டினேன்.

"அப்போ பொட்டப் பூச்சிதான் முடிவு பண்ணுமாக்கும்?" என்றார் பெரியப்பா. "அதான் பூச்சியாவே கெடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது இருட்டுக்குள் ஒரு குரல் கேட்டது. "எனக்குச் சம்மதம் இல்ல. வேலைய விட மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி ஃபியூஸைப் போட்டுவிட்டார். வீடு பளிச்சிட்டது, சக்கரம் சுழன்றது, தங்கை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "யாரு பேசினது?" என்று மாப்பிள்ளையின் அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி. வெளிய ஏதோ பூச்சிச் சத்தம்."

தங்கை தலையை நிமிர்த்தினாள். "பூச்சி இல்ல பெரியப்பா. நான்தான்."

அவ்வளவு வெளிச்சத்தில் அவளைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியவில்லை. எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை அவள் வழக்கம்போல ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள்.